கண்ணாடிக்குக் காட்டிப் படிப்பவர்

செல்வலட்சுமி புத்தகத்தைக் கண்ணாடிக்குக் காட்டிக்கொண்டு நிற்கிறார். ஸ்ரீவில்லிபுத்தூரில் நான் வேலை பார்க்கும் கிளை நூலகத்தில், கைகழுவும் தொட்டிக்கு மேலே ஓரம் கறுத்துப்போன கண்ணாடி ஒன்று மாட்டியிருக்கிறது. வருகிறவர்கள் தலை வாரிக்கொள்ளட்டும் என்று யாரோ எந்தக் காலத்திலோ மாட்டியது. அதன் முன்னால் நின்று, விரித்த புத்தகத்தை நெஞ்சில் சாய்த்துப் பிடித்துக்கொண்டு, புத்தகத்தைப் பார்க்காமல் கண்ணாடியைப் பார்க்கிறார். ஊசி இல்லாமலேயே இடக்கை காற்றில் தைக்கிறது. குதிகால் தரையைத் தட்டிக்கொண்டே இருக்கிறது. புதிதாக வந்த வாசகர் எவராவது என்னைப் பார்த்து, இது என்ன என்று கண்ணாலேயே கேட்பார். நான் தலையைக் குனிந்துகொள்வேன். எத்தனை பேருக்குத்தான் விளக்கம் சொல்வது?

விளக்கம் இவ்வளவுதான். செல்வலட்சுமி இடக்கைக்காரர். ஊர்ப் பேச்சில் நொட்டாங்கை. சின்ன வயதில் எழுத்தையும் சோற்றையும் அடித்து அடித்து வலக்கைக்கு மாற்றினார்கள். ஊசி மட்டும் மாற மறுத்துவிட்டது. ஆனால் தையல் புத்தகங்கள் எல்லாம் வலக்கைக்காரர்களுக்காக எழுதப்பட்டவை. எங்கே குத்த வேண்டும், எங்கே எடுக்க வேண்டும், நூல் எந்தப் பக்கம் கிடக்க வேண்டும் என்று படத்தில் காட்டுவதெல்லாம் இவருக்கு எதிர்ப்பக்கம். கண்ணாடியில் காட்டினால் படத்திலிருக்கும் கை இடக்கையாகிவிடுகிறது. "கண்ணாடிக்குள்ள போனா அவியளும் என்னைய மாதிரி ஆயிருதாவ அண்ணாச்சி" என்பார்.

கைப்பேசியிலேயே படத்தைத் திருப்பிக் காட்டும் வசதி உண்டே என்று ஒருமுறை சொன்னேன், ஏதோ எனக்கு எல்லாம் தெரிந்த மாதிரி.

"போட்டுப் பாத்துட்டேன் அண்ணாச்சி. ஒரு தையல் போடுததுக்குள்ள ரெண்டு விளம்பரம் வருது. கண்ணாடியில விளம்பரம் வராதுல்லா?" என்றார்.

அதற்குப் பிறகு அவருக்கு யோசனை சொல்வதை நிறுத்திக்கொண்டேன்.

தேரடிப் பக்கம் ஒரு பால்கோவாக் கடையில் பொட்டலம் கட்டுவது அவர் வேலை. நாற்பதைத் தாண்டிய வயது, மெலிந்த உடம்பு, எதையோ அடுப்பில் வைத்துவிட்டு வந்தவர் மாதிரி ஒரு முகம். மதியச் சாப்பாட்டு நேரத்தில் நூலகத்துக்கு வருவார். சாப்பிட்டாரா என்று கேட்டால், "ஆச்சு ஆச்சு" என்பார், ஆகியிருக்காது. நூலகத்தில் நாற்காலிகள் இருப்பது அவருக்குத் தெரியுமா என்றே எனக்குச் சந்தேகம். புத்தகத்தை எடுப்பதும் நின்றபடி, படிப்பதும் நின்றபடி, என்னோடு சண்டை போடுவதும் நின்றபடிதான்.

சண்டை எதற்கு என்றால், பென்சிலுக்கு. எங்கள் நூலகத்தில் பின்னல், பூத்தையல் சம்பந்தமாக ஒரு தட்டு நிறையப் புத்தகங்கள் இருக்கின்றன. அவற்றில் செல்வலட்சுமியின் பென்சில் படாத புத்தகம் ஒன்றுகூடக் கிடையாது. படத்தில் அம்புக்குறி வலம் போனால் இவர் பக்கத்திலேயே இடம் போகும் அம்பு ஒன்று போட்டுவிடுவார். சில இடங்களில் வசனமும் உண்டு. "இப்படிச் செய்தால் சுருங்கும்." "இந்தப் பக்கம் பொய்." அரசாங்கச் சொத்தில் கிறுக்குவதற்கு உனக்கு யாரம்மா அதிகாரம் கொடுத்தது என்று ஒருநாள் சத்தம் போட்டேன். நூலகத்தில் சத்தம் போடக்கூடாது என்ற பலகைக்குக் கீழே நின்றுதான் போட்டேன். அவர் அசையவில்லை. "என்னைய மாதிரி இன்னொருத்தி வந்து இந்தப் புக்க எடுத்தா அவளுக்கு யாரு சொல்லிக் குடுப்பா? நீங்க சொல்லிக் குடுப்பீயளா?" என்று கேட்டார். எனக்குச் சட்டைப் பொத்தானே சரியாகத் தைக்கத் தெரியாது.

திருப்பித் தராத புத்தகம் ஒன்றைத் தேடிக்கொண்டு ஒருமுறை அவர் வீட்டுக்கே போனேன். வீடு முழுவதும் பாதி வேலைகள். ஒற்றைக் காலுறை. ஒரு கை மட்டும் வைத்த கம்பளிச் சட்டை. ஒரு மூலையில் ரோஜாவும் மற்ற மூன்று மூலைகளில் வெறும் பென்சில் கோடுமாக ஒரு மேசைவிரிப்பு. இந்த ஊர் வெயிலில் கம்பளிச் சட்டை யாருக்கு என்று கேட்டேன். "யாருக்கும் இல்ல. அந்தப் பின்னல் வருதான்னு பாத்தேன், வந்துட்டு. பொறவு எதுக்கு அதையே போட்டுக்கிட்டுக் கெடக்கணும்?" ஒரு புதுத் தையலைக் கற்றுக்கொண்டால் போதும், கை அடுத்ததுக்குத் தாவிவிடும். எதையும் முடிக்காதவர் என்று அக்கம்பக்கத்தில் அவருக்கு ஒரு பெயர் உண்டு. அதைச் சொன்னால் சிரிப்பார், ஆனால் அந்தச் சிரிப்பு சீக்கிரம் நின்றுவிடும்.

அன்று அவர் கணவர் முத்துப்பாண்டி கூடத்தில் சோப்பு நுரை பூசிய முகத்தோடு நின்றுகொண்டிருந்தார். ராணுவத்தில் இருந்து ஓய்வு பெற்று, இப்போது ராஜபாளையத்தில் ஒரு நூற்பாலையில் காவலர். சவரக் கண்ணாடி மனைவியின் கையில். அதன் எதிரே தண்ணீர்ச் செம்பில் சாய்த்து வைத்த கைப்பேசியில் யாரோ ஒரு பெண் குரோஷா பின்னிக்கொண்டிருந்தாள்.

"ஏட்டி, கண்ணாடியக் குடு. டூட்டிக்கு நேரமாச்சு."

"செத்த நேரம் பொறுங்க. அவ இப்பத்தான் முடிச்சுப் போடுதா."

நுரை காயக் காய மனிதர் பொறுத்தார். மனைவியின் படிப்புக்கு அவரும் ஒருவகையில் ஆசிரியர். வடக்கே பணியில் இருந்தபோது ஏதோ ஒரு ரயில் நிலையத்தில் கம்பளிப் பின்னல் புத்தகம் ஒன்று வாங்கி வந்தார். இந்திப் புத்தகம். செல்வலட்சுமிக்கு இந்தி தெரியாது. இவருக்குத் தெரிந்தது அணிவகுப்பு மைதானத்து இந்தி. மாலையில் இவர் புத்தகத்தைக் கையை நீட்டிப் பிடித்து, "நேர் ரெண்டு! திருப்பு ரெண்டு! நேர் நாலு!" என்று அதட்டலாக மொழிபெயர்ப்பார். அந்த அம்மாள் கூடத்தில் நடந்துகொண்டே பின்னுவார். அந்தப் புத்தகத்திலிருந்து வந்ததுதான் ஒரு கை வைத்த கம்பளிச் சட்டை.

எந்தப் புத்தகம் நல்ல புத்தகம் என்று செல்வலட்சுமியிடம் கேட்டால் மதியம் போய்விடும். எங்கள் தட்டில் உள்ளவற்றில் மிகப் பழையது ஒரு மொழிபெயர்ப்பு. அதில் குழந்தைக்குக் கம்பளிக் குல்லா, கம்பளிக் கையுறை, கம்பளிப் பாதக்கூடு எல்லாம் பின்னச் சொல்லியிருக்கிறார்கள். பின்னிப் போட்டால் ஸ்ரீவில்லிபுத்தூர்க் குழந்தை வெந்துபோகும். ஆனால் அதில் தவறு வந்தால் பிரிப்பது எப்படி என்று தனி அத்தியாயம் இருக்கிறது. "வேற எந்தப் புக்குலயும் அது கெடையாது. எல்லாவனும் தப்பே பண்ணாத மாதிரில்லா எழுதுதான்" என்று அதற்கு மதிப்பெண் போட்டிருக்கிறார். தையல் ஆசிரியர் தேர்வுக்கான வழிகாட்டி நூல் ஒன்று உண்டு. அதில் சங்கிலித் தையல், காம்புத் தையல், முடிச்சுத் தையல் எல்லாவற்றுக்கும் இலக்கணம் இருக்கிறது; படங்கள் மட்டும் மை அப்பி, எல்லாத் தையலும் கம்பளிப்பூச்சி மாதிரித் தெரியும். அவருக்குப் பிரியமானது கடைக்காரப் பையன் யாரோ கைப்பேசியில் இறக்கிக் கொடுத்த ஜப்பானிய வரைபடங்கள். அதில் எழுத்துகள் கொஞ்சம், குறிகள்தான் அதிகம். குறியைப் படித்தால் பின்னிவிடலாம். "இதுல பேச்சே இல்ல அண்ணாச்சி. பேசாத வாத்தியாருதான் நல்ல வாத்தியாரு."

வீடியோக்காரர்களுக்கும் அவர் பெயர் வைத்திருக்கிறார். வளையல் குலுங்கக் குலுங்கத் தைக்கும் ஒருத்தி வளையக்காரி. ஊசியை எடுப்பதற்குள் தன் மாமியார் கதையைச் சொல்லி முடிக்கும் இன்னொருத்தி வாய்க்காரி. முகமே காட்டாமல் கையை மட்டும் காட்டும் ஒரு வெள்ளைக்காரக் கிழவிதான் தலைமையாசிரியை.

ஒருநாள் நானே தேடிப்பிடித்து, இடக்கையால் தைத்துக் காட்டும் ஒரு வெளிநாட்டுப் பெண்ணின் காணொளியை அவருக்கு அனுப்பினேன். பெரிய உபகாரம் செய்துவிட்ட நினைப்பு எனக்கு. மறுநாள் கோபமாக வந்தார். "என்ன அண்ணாச்சி, நொட்டாங்கைன்னு சொன்னீய? கண்ணாடியில பாத்தா அவ சோத்தாங்கையிலல்லா தைக்கா?" இடக்கைக்காரியையும் கண்ணாடியில்தான் பார்த்திருக்கிறார். பழக்கம். நானும் அவரும் சேர்ந்து சிரித்ததில் பத்திரிகை படித்துக்கொண்டிருந்தவர்கள் முறைத்தார்கள்.

இத்தனை ஓட்டமும் எங்கிருந்து தொடங்கியது என்பதை அவர் சொல்லித்தான் தெரியும். பள்ளிக்கூடம் முடித்த கையோடு ராஜபாளையத்தில் பிரிஸ்கில்லா டீச்சரின் தையற்பள்ளியில் சேர்ந்திருக்கிறார். கைத்தையலுக்கு அந்த வட்டாரத்தில் டீச்சரை மிஞ்ச ஆளில்லை. டீச்சர் மாணவியின் தோளுக்குப் பக்கத்தில் நின்று, கையைப் பிடித்து, ஊசியை ஓட்டிக் காட்டுவாராம். செல்வலட்சுமியின் கை மட்டும் பிடிக்குள் வராமல் எதிர்ப்பக்கம் ஓடியிருக்கிறது. ஒரு வாரம்கூட ஆகவில்லை. "எனக்கு ஒனக்குச் சொல்லிக் குடுக்கத் தெரியலம்மா. ஒன்னையப் பாத்து மத்த பிள்ளைகளுக்கும் கை மாறிரும். வராத" என்று சொல்லிவிட்டார். கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை என்று இவரே சொல்கிறார். ஆனால் அதைச் சொல்லும்போது இவர் முகத்தை நான் பார்த்திருக்கிறேன். யாரும் வேண்டாம், புத்தகம் போதும் என்று அன்றைக்கு இறங்கியவர்தான்.

இப்போது டீச்சருக்கு வயதாகிவிட்டது, கை நடுங்குகிறது. கைத்தையல் வகுப்புக்கு ஆள் தேடுகிறார் என்று கேள்விப்பட்டதும் செல்வலட்சுமி அடுத்த பேருந்தைப் பிடித்துவிட்டார். டீச்சர் உடனே மறுக்கவில்லை. யோசித்து, "ஒரு சாம்பிள் தச்சுக் கொண்டா. பிள்ளைகளுக்கு ஒரு மணி நேரம் சொல்லிக் குடு. பொறவு பாப்போம். ஆனா நீ நொட்டாங்கை. பிள்ளைகளுக்குத் தலகீழா வந்துரக் கூடாது" என்றிருக்கிறார்.

என்ன தைப்பது என்பதில் செல்வலட்சுமிக்கு ஒரு நொடிகூடக் குழப்பம் இல்லை. ஆண்டாள். இடக்கையில் கிளியோடு நிற்கும் ஆண்டாள். சின்ன வயதிலிருந்து நொட்டாங்கை என்று யார் கேலி செய்தாலும் அவரிடம் ஒரே பதில்தான் உண்டு. "நாச்சியாரே கிளிய நொட்டாங்கையிலதான் வச்சிருக்கா. போய் அவளச் சொல்லு." இந்தப் பதிலைத்தான் இந்த முறை நூலால் எழுதி டீச்சர் முன்னால் விரிக்கப் போகிறார் என்பது எனக்குப் புரிந்தது. வாழ்நாளில் முதல்முறையாக ஒரு வேலையில் அவர் தாவாமல் நின்றார். நூலகத்துக்கு வந்தாலும் அந்தக் கிளியின் இறகுக்கு எந்தத் தையல், மாலைக்கு எந்தத் தையல் என்பதைத் தவிர வேறு பேச்சில்லை. பால்கோவா சுற்றும் பட்டர் பேப்பரில் படத்தை வரைந்து, கோடு முழுக்க ஊசியால் குத்தி, மண்ணெண்ணெயில் நீலப் பொடி குழைத்துத் தேய்த்துத் துணியில் இறக்கினார். ஒவ்வொரு மாலையும் தைத்த இடத்தைக் கணவரின் சவரக் கண்ணாடியில் காட்டிச் சரிபார்த்துக்கொண்டார்.

வியாழக்கிழமை சாயங்காலம் அதைக் கொண்டுவந்தார். மறுநாள் டீச்சரிடம் போக வேண்டும். நூலகத்துப் பெரிய மேசையில், செய்தித்தாள்களின் மேலேயே துணியை விரித்தார். மாலையின் ஒவ்வொரு பூவும் முடிச்சுத் தையலில் உப்பி நின்றது. கிளியின் பச்சையில் எத்தனை பச்சை! "ஏம்மா, இது நீ தச்சதா?" என்று மடத்தனமாகக் கேட்டேன். அவர் குதிகால் தட்டுவதை நிறுத்தியிருந்தார். சந்தோஷம்.

மேசையின் மறுமுனையில் வைகுண்டராஜ் இருந்தார். தபால் துறையில் இருந்து ஓய்வு பெற்றவர். செய்தித்தாளைத் தவிர உலகத்தில் எதையும் நிமிர்ந்து பார்க்காதவர். தான் படித்துக்கொண்டிருந்த பக்கத்தைத் துணி மூடிவிட்ட எரிச்சலில் நிமிர்ந்தார். மூக்குக் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு துணியைப் பார்த்தார்.

"நல்லாத்தான் இருக்கு. ஆனா நம்ம ஆண்டாளுக்குக் கிளி இந்தக் கையில கெடையாதேம்மா?"

என் இருக்கைக்குப் பின்னால் சுவரில் ஆண்டாள் படம் போட்ட நாள்காட்டி தொங்குகிறது. மூன்று பேரும் ஒன்றாகத் திரும்பிப் பார்த்தோம். நாள்காட்டியில் கிளி இடக்கையில். துணியில் வலக்கையில்.

செல்வலட்சுமி துணியை வாரிக்கொண்டு கைகழுவும் தொட்டிக்கு ஓடினார். கண்ணாடிக்குள் ஆண்டாள் சரியாக இருந்தாள். அங்கே கிளி இடக்கையில்தான் உட்கார்ந்திருந்தது. அந்த இடத்திலேயே அவருக்கு எல்லாம் விளங்கிவிட்டது.

"பட்டர் பேப்பரத் திருப்பிப் போட்டுட்டேன் அண்ணாச்சி" என்றார் மெதுவாக. "எந்தத் தாளா இருந்தாலும் திருப்பிப் போட்டுத்தான கையிக்குப் பழக்கம். இதையும் போட்டுட்டேன். தெனைக்கும் கண்ணாடியில வேற பாத்தேன். அதுல சரியாத்தான் தெரிஞ்சுது."

வேறு எந்த ஊரிலாவது இதைக் கவனிக்காமல் விட்டுவிடலாம். ஆண்டாளைக் காலண்டரிலும் பால்கோவா டப்பாவிலும் பார்த்தே வளர்ந்த ஊர்கள் இவை. ராஜபாளையத்தில் பள்ளிக்கூடப் பிள்ளைகூடச் சொல்லிவிடும். நொட்டாங்கைக்காரி சொல்லிக் கொடுத்தால் எல்லாம் தலைகீழாக வரும் என்று டீச்சர் பயந்தார். அதற்கு இவரே சாட்சி தைத்துவிட்டார். வைகுண்டராஜ் தான் பேசியதற்காக வருத்தப்பட்டு, படிக்காத செய்தித்தாளை மடித்து வைத்துவிட்டு வெளியே போனார்.

வெள்ளிக்கிழமை எங்கள் நூலகத்துக்கு விடுமுறை. வகுப்புக்கு வேண்டிய புத்தகங்களைத் தூக்கிக்கொண்டு நானும் வருவதாக முன்பே ஒப்புக்கொண்டிருந்தேன். பேருந்து நிலையத்தில் முத்துப்பாண்டி சீருடையில், வண்டியின் மேல் உட்கார்ந்தபடி மனைவிக்கு யோசனை சொல்லிக்கொண்டிருந்தார்.

"கிளிய மட்டும் பிரிச்சிரு. வெறுங்கையா நிக்கட்டும். யாருக்கும் தெரியாது."

"கிளி இல்லன்னா அது யாரு? யாரோ ஒரு பொம்பள."

"அப்ப கொண்டு போகாத. அடுத்த மாசம் வாரேன்னு சொல்லு."

"அடுத்த மாசத்துக்கு வேற ஆளு வந்துரும்" என்று சொல்லிவிட்டு அவர் பேருந்தில் ஏறினார். முத்துப்பாண்டி என்னைப் பார்த்தார். நான் பையைத் தூக்கிக்கொண்டு பின்னால் ஏறினேன்.

வழியெல்லாம் அந்த அம்மாள் படுத்திய பாடு சொல்லி முடியாது. துணியைப் பிரிப்பார், சின்னக் கத்தரிக்கோலைக் கிளியின் வாலுக்குக் கீழே நுழைப்பார், பேருந்து குலுங்கும், எடுத்துவிடுவார். மம்சாபுரம் விலக்கு வருவதற்குள் இருக்கை மாறி உட்கார்ந்தார். மறுபடி எழுந்து என் பக்கம் வந்தார். "பிரிச்சிரட்டா?" என்றார். "வேண்டாம்" என்றேன். "நீங்க எதக் கேட்டாலும் வேண்டாம்பீய" என்று கோபித்துக்கொண்டார். மேற்கே மலை கூடவே வந்துகொண்டிருந்தது. ராஜபாளையம் பஞ்சு மார்க்கெட்டில் இறங்கும்போது கிளி துணியில்தான் இருந்தது.

தையற்பள்ளி ஒரு பாத்திரக் கடைக்கு மேலே. மாடியேறும்போதே தையல் இயந்திரங்களின் சத்தம். பிரிஸ்கில்லா டீச்சர் வெள்ளைச் சேலையில், மேசைக்குப் பின்னால் நேராக உட்கார்ந்திருந்தார். கைதான் நடுங்கியது, குரல் நடுங்கவில்லை. செல்வலட்சுமி துணியை விரித்தார். டீச்சர் முகம் மலர்ந்ததை நான் பார்த்தேன். மாலையை விரலால் தடவிக்கொண்டே போனவர், கிளியிடம் வந்ததும் நிறுத்தினார்.

"கிளி கை மாறிட்டே?"

"ஆமா டீச்சர். நாந்தான் மாத்திப் போட்டுட்டேன்."

டீச்சர் பெருமூச்சு விட்டார். "வேலையில ஒரு குத்தம் சொல்ல முடியாது. ஆனா இதுக்குத்தான அன்னிக்கே சொன்னேன்?" துணியை மடித்து அவரிடமே கொடுத்தார். "வந்தது வந்துட்ட. பிள்ளைக காத்துக்கிட்டு இருக்கு. ஒரு மணி நேரம் சொல்லிக் குடுத்துட்டுப் போ."

போ என்ற சொல்லை அவர் சொன்ன விதத்திலேயே முடிவு தெரிந்துவிட்டது. எனக்கு அந்த இடத்தை விட்டு ஓடிவிடலாம் போலிருந்தது. செல்வலட்சுமி ஓடவில்லை.

வகுப்பில் பாதிப் பேர் குடும்பப் பெண்கள். பாயைச் சுருட்டிவிட்டு எல்லோரும் ஸ்டூலில், பலகையைப் பார்த்து வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். சங்கிலித் தையல் பாடம். செல்வலட்சுமி நான் கொண்டுபோன புத்தகங்களை ஆளுக்கொன்று கொடுத்தார். வழிகாட்டி நூலைக் காட்டினார். ஜப்பான் குறிகளைக் காட்டினார். முகம் காட்டாத கிழவியின் காணொளியையும் ஓடவிட்டார். பிறகு ஊசியை வலக்கையில் எடுத்தார். டீச்சர் வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்ததால்தான் அப்படி எடுத்தார். எனக்குக் கோபமாக வந்தது. அவ்வளவு வேகமான மனுஷி, வலக்கையில் ஊசி பிடித்ததும் திணறினார். நூல் முறுக்கிக்கொண்டது. ஒரு வளையம்கூட ஒழுங்காக விழவில்லை. யாரோ சிரிப்பை அடக்கினார்கள். பொறுக்க முடியாமல் ஊசியை இடக்கைக்கு மாற்றினார். கை பறந்தது, சங்கிலி ஓடியது, ஆனால் டீச்சரிடம் பழகிய வழக்கப்படி எழுந்து வந்து தோளுக்குப் பக்கத்தில் நின்று பார்த்தவர்களுக்கு ஒன்றும் பிடிபடவில்லை.

முன்வரிசையில் சுடலையம்மாள் என்று ஒருவர். பஞ்சாலையில் வேலை பார்ப்பவர், விரல்கள் காய்த்துப்போயிருந்தன. தன் ஸ்டூலுக்குத் திரும்பி, ஊசியை மடியில் போட்டுவிட்டார்.

"எக்கா, கோவிச்சுக்காதீங்க. புக்கும் வெளங்கல. ஒங்க பக்கத்துல நின்னு ஒங்க கையப் பாத்தா எனக்குத் தலை சுத்துது. எனக்கு இது வராது. நான் நாளையிலருந்து வரல."

அந்தச் சொல்லைக் கேட்டதும் செல்வலட்சுமியின் ஊசி நின்றது. வராது, வரல. இவரிடம் அன்றைக்கு டீச்சர் சொன்னதை இன்றைக்கு இந்த அம்மாள் தனக்குத் தானே சொல்லிக்கொள்கிறார். செல்வலட்சுமி கையிலிருந்த புத்தகத்தை மூடி என் பக்கம் தள்ளினார். கைப்பேசியை அணைத்தார். ஒரு ஸ்டூலைச் சத்தம் வர இழுத்து, சுடலையம்மாளுக்கு நேர் எதிரே போட்டு, முழங்காலோடு முழங்கால் இடிக்க உட்கார்ந்தார்.

"யாரு சொன்னா வராதுன்னு? ஊசிய எடு. புக்கும் வேண்டாம், ஒண்ணும் வேண்டாம். என் கைய மட்டும் பாரு. நான் எந்தப் பக்கம் வாரனோ, நீயும் அந்தப் பக்கமே வா."

இவருடைய இடக்கை போன பக்கமே எதிரில் அந்த அம்மாளின் வலக்கையும் போனது. இவர் குத்தினார், அவர் குத்தினார். இவர் நூலை வளைத்தார், அதே பக்கம் அங்கேயும் நூல் வளைந்தது. யோசிக்கவோ திருப்பிப் பார்க்கவோ எதுவும் இல்லை. முதல் வளையம் கோணலாக விழுந்தது, அடுத்தது நேரானது, அதற்கடுத்தது அதைப் பிடித்துக்கொண்டது. "ஏ, வருதுக்கா!" என்று சுடலையம்மாள் கத்தியது கீழே பாத்திரக் கடை வரை கேட்டிருக்கும். செல்வலட்சுமி ஸ்டூலை அடுத்த பெண்ணின் எதிரே இழுத்துக்கொண்டு போனார். அங்கிருந்து அடுத்தவர். புத்தகங்கள் என் மடியில் சேர்ந்துகொண்டே வந்தன.

வாசலில் டீச்சர் அசையாமல் நின்றார். எத்தனையோ வருஷமாக மாணவிகளின் தோளுக்குப் பக்கத்திலேயே நின்று சொல்லிக் கொடுத்தவர். ஒருநாள், ஒரே ஒருநாள், அன்று தன்னிடம் வந்த சின்னப் பெண் செல்வலட்சுமிக்கு எதிரே உட்கார்ந்திருந்தால் போதும் என்று அவருக்கும் தோன்றியிருக்க வேண்டும். அவர் கண் கலங்கியிருந்தது. மணி அடித்தது, யாரும் எழுந்திருக்கவில்லை. டீச்சர் மெல்ல நடந்து வந்தார். கடைசி வரிசையில் காலியாகக் கிடந்த ஸ்டூலைத் தானே தூக்கிக்கொண்டு போய், செல்வலட்சுமிக்கு எதிரே போட்டு உட்கார்ந்தார்.

"எனக்கும் ஒருக்காக் காட்டு" என்று நடுங்கும் கையை நீட்டினார்.

செல்வலட்சுமி நூல் நுனியை நாக்கில் தொட்டு, ஒரே குறியில் ஊசியில் கோத்து, அந்த ஊசியை இடக்கையாலேயே நீட்டினார். டீச்சர் அதை வாங்கிக்கொண்டார்.